பெயருக்கு முன்னால் ஒரு சொல்

விழாக் கல்வெட்டுகளில், பதவியில் இருப்பவர்களுக்கு அந்தப் பதவிக்கு உரிய அடைமொழியும், மற்ற அனைவருக்கும் 'திரு', 'திருமதி', 'செல்வி' ஆகியவற்றில் பொருந்தும் ஒன்றும் மட்டுமே இடம்பெற வேண்டும். வேறு எந்தப் பட்டமோ புகழுரையோ கூடாது. எங்கள் மேல் அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கையின் சாரம் இது. நகராட்சிப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இதைப் படித்திருக்க மாட்டீர்கள். படித்தவர்களிலும் பலர் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. எதையும் மறக்காதவன் என்பதுதான் பணிக்காலம் முழுவதும் என்மீது சொல்லப்பட்ட புகார்.

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நல்ல விதி இது. இதற்கு முன் வைக்கப்பட்ட கற்கள் சில எங்கள் பகுதியில் இன்னும் நிற்கின்றன, போய்ப் பாருங்கள். ஒரு கல்லில் கொடை வள்ளல், கல்விக் காவலர், ஏழைகளின் இதயம் என்று நாலு பேருக்கு எழுதி முடித்தபோது இடம் தீர்ந்துவிட்டது. அன்று திறந்தது குழாயா கழிப்பறையா என்று எழுதவில்லை. பக்கத்தில் இப்போது இரண்டுமே இல்லாததால் இனி யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்தக் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது இந்தச் சுற்றறிக்கை. எல்லோருக்கும் ஒரே 'திரு'. பெரிய மனிதருக்கும் அதே, பிளம்பருக்கும் அதே. சமத்துவம் என்று மேடையில் பேசுவதை ஓர் இரண்டெழுத்துச் சொல் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

அந்த விதியை நான் மதித்தேன். அதனால்தான் அது என்னைத் திணறடித்த கதையைச் சொல்கிறேன்.

அப்போது பூந்தமல்லி பக்கத்து நகராட்சி ஒன்றில் நான் மேலாளர். ஓய்வு பெற ஓர் ஆண்டுகூட இல்லை. நசரத்பேட்டைக்குப் போகும் வழியில் எங்கள் அங்கன்வாடி ஒன்று கட்டி முடிந்திருந்தது. அமைச்சர் திறந்துவைக்க வருகிறார். அந்த இடம் காதர் மொய்தீன் என்பவர் கொடுத்தது. கிரில் கேட், ஜன்னல் கம்பி செய்யும் பட்டறைக்காரர். பட்டறைக்கு அடுத்த மூலை மனையைத் தானப் பத்திரம் எழுதி எங்களிடம் ஒப்படைத்திருந்தார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகும் கேட்கவில்லை.

கேட்டது அவர் மகள் நசீமா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காராமல் கல்வெட்டு வரைவைப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம், அது ரகசியமல்ல. வரைவைத் திருப்பி வைத்தேன். 'இடம் வழங்கியவர்: திரு. கா. காதர் மொய்தீன்' என்று இருந்தது.

"சார், இதுல 'திரு'வ எடுத்துட்டு 'ஜனாப்'னு போட முடியுமா?"

முடியாது என்றேன். சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை முழுவதும் படித்தார். பொதுமக்களில் நான் கொடுத்த சுற்றறிக்கையை முழுவதும் படித்த முதல் ஆள் அவர்தான். தப்பு சொல்ல ஒன்றுமில்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார்.

"எங்க அத்தாவ ஊரே 'பாய்'னுதான் கூப்டுது. நான் அத தப்பு சொல்லல. பாசமாத்தான் கூப்டுறாங்க. ஆனா பாய்னா யாரு வேணா பாய் சார். பிரியாணிக் கடைக்காரரும் பாய், அவரும் பாய். பேருக்கு முன்னால ஒரு சொல்லு வச்சி கூப்டுறது பள்ளிவாசல் நோட்டீஸ்லயும் கல்யாணப் பத்திரிகையிலயும்தான். அதுல ஜனாப்னு போடுவாங்க. அந்த எடத்துல மட்டும் அத்தா கொஞ்சம் நிமிந்து உக்காருவாரு. நான் பாத்துகீறேன்."

திருவும் அதே மரியாதைதானே என்று கேட்டேன்.

"வரி நோட்டீஸ்லயும் திருதான் சார் வருது" என்றார்.

அந்த நோட்டீஸ்களில் கையெழுத்திடுகிறவன் நான்தான்.

எந்த விதிக்கும் ஒரு பக்கவாட்டுக் கதவு இருக்கும். அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் நம் தொழில். அரசுக் கல்வெட்டு வேறு, கொடையாளர் பலகை வேறு. கொடையாளரின் குடும்பம் தங்கள் செலவில் சுவரின் உட்பக்கம் ஒரு பலகை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அளவை மட்டும்தான் நாங்கள் பார்ப்போம், வாசகத்தை அல்ல. இதைச் சொன்னபோது ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு எனக்கு. நசீமா வரைவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாங்களே எழுதி நாங்களே மாட்டிக்கிறதுக்கு ஊட்லயே மாட்டிக்கலாமே சார். அடுத்தவங்க எழுதுனாத்தானே அதுக்குப் பேரு மரியாதை?"

வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகும் நான் அந்த வரைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடம் 'உயர்திரு', 'மாண்புமிகு', 'வணக்கத்திற்குரிய' என்று எழுதி எழுதி விரல் தேய்ந்தவன் நான். எந்தப் பதவிக்கு எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்தச் சொற்கள் என்ன செய்கின்றன என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. மறுநாள் அலுவலகத்தில் எல்லோரிடமும் 'திரு' என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். மூன்று பேர் 'மிஸ்டர்' என்றார்கள். ஒருவர், மேலாளர் எதற்கோ பொறி வைக்கிறார் என்று நினைத்து, கோப்பைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். செல்வம், அழகு, தெய்வத்தன்மை என்று அகராதி சொல்கிறது. கோயிலுக்கு முன்னாலும் அடிக்கு முன்னாலும் நின்ற சொல். அதைத்தான் நாம் குடிநீர்க் கட்டணம் கட்டாதவர் பெயருக்கு முன்னால் போட்டு, இணைப்பைத் துண்டிப்போம் என்று எழுதுகிறோம்.

'அவர்கள்' இன்னும் விசித்திரம். ஒரே ஆள்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பெயருக்குப் பின்னால் அதைச் சேர்த்ததும் அவர் ஒரு கூட்டமாகிவிடுகிறார்.

'ஜனாப்'புக்காக அம்பத்தூர் நூலகத்துக்குப் போனேன். நான் குடியிருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் அந்தப் பக்கமே போகாமல் பல வருடங்கள் ஓட்டியிருந்தேன். அரபு மூலத்தில் அதற்குப் பக்கம், வீட்டின் முன்முற்றம் என்பது போன்ற பொருள்கள் இருந்தன. மனிதனைக் குறிக்கவே இல்லை. அவர் வீட்டு முற்றத்தைக் குறிக்கிறது. அதாவது, நான் உங்கள் பெயரைத் தொடவில்லை ஐயா, வெளியே முற்றத்தில் நிற்கிறேன் என்று சொல்கிறது.

எனக்கு உடனே நம் மனுக்கள் நினைவுக்கு வந்தன. 'வட்டாட்சியர் அவர்கள் சமூகத்திற்கு' என்று இன்றும் எழுதுகிறார்களே, அந்தச் சமூகம் என்பது ஊர் மக்கள் அல்ல. முன்னிலை. உங்கள் முன்னிலைக்கு இதை வைக்கிறேன் என்று பொருள். அங்கும் ஆளைத் தொடவில்லை. ஆளுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தைத்தான் குறிப்பிடுகிறோம். எங்கிருந்தோ வந்த இரண்டு சொற்கள், பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு ஒரே காரியத்தைச் செய்கின்றன. உயர்ந்த மதிப்பு என்பது அந்த மனிதரைப் பற்றிய தகவலே இல்லை போலிருக்கிறது. நாம் எங்கே வந்து நின்றோம் என்பதன் குறிப்பு அது. ஆகவேதான் யாரும் தன் கையெழுத்துக்கு முன்னால் 'திரு' போட்டுக்கொள்வதில்லை. தன் வாசலில் தானே வந்து நிற்க முடியாது.

நசீமா கேட்டதும் இதைத்தான். அலுவலகம் ஒருமுறை அவர் அப்பாவின் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், அதுவும் அவர் நடமாட்டம் முழுவதும் நின்றுபோவதற்கு முன்னால்.

ஆணையர் முப்பதைத் தொடாத பெண். நேரடித் தேர்வில் வந்தவர். விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கும் போடணும்னுதான் தோணுது சார். ஆனா தோணுறத வச்சு கையெழுத்துப் போட்டா நாளைக்கு வேற ஒருத்தருக்கு வேற ஒண்ணு தோணும். வழி இருந்தாக் காட்டுங்க" என்றார். சரியான பேச்சு.

மேல் அலுவலகத்துக்குத் தெளிவுரை கேட்டுக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். மற்றபடி என் கடிதங்கள் உங்களுக்கு வேண்டாம். 'பொருள்' என்ற இடத்தில் 'அங்கன்வாடி மையம் – இடம் வழங்கிய ஜனாப் கா. காதர் மொய்தீன் அவர்கள் – கல்வெட்டில் பெயர் பொறித்தல் – தெளிவுரை கோருதல்' என்று எழுதினேன். கடைசிப் பத்தியில், விழா நாளுக்கு முன் அறிவுரை கிடைக்கப்பெறாவிட்டால் இணைப்பில் உள்ள வரைவு ஏற்கப்பட்டதாகக் கருதிக் கல்வெட்டு பொறிக்கப்படும் என்பதைப் பணிவுடன் தெரிவித்தேன். 'பணிவுடன்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு பிடிவாதத்தை வைக்கலாம் என்பது அனுபவத்தில்தான் வரும். கீழே 'நகல்' என்று போட்டு அவர் பெயரையும் பட்டறை முகவரியையும் ஜனாப் சேர்த்தே எழுதினேன்.

இதற்குள் செய்தி வார்டு உறுப்பினர் ஏகாம்பரத்துக்கு எட்டிவிட்டது. நல்ல மனிதர், குரல் மட்டும் எப்போதும் மைக் முன்னால் நிற்கிற குரல். கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்தார்.

"இன்னா சார் இது, பாய்க்கு மட்டும் தனி மரியாதையா? அப்போ எனக்கு இன்னா போடப் போறே? எங்க ஏரியா பசங்க என்னிய சும்மா உடுவானுங்களா?"

என்ன போட வேண்டும் என்று கேட்டேன். 'மக்கள் தொண்டர்' போதும், அதிகமாக ஆசைப்படவில்லை என்றார். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன். நான் மக்கள் தொண்டர், என் பெயருக்கு முன்னால் அப்படிப் போடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், கோப்பில் சேர்த்து மேலே அனுப்புகிறேன் என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை. நடைமுறைப்படி, கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஏகாம்பரம் பேனாவைத் திறந்தார். 'நான்' என்று எழுதினார். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்தார். மூடினார்.

"நானே எப்டி சார் என்னியப் பத்தி எழுதறது. அசிங்கமா கீதே."

பட்டறைக்காரரின் மகள் வந்து கேட்டதையும், தனிப் பலகை வேண்டாம் என்று சொன்னதையும் மட்டும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க ஊட்டு கேட்டு பாய் செஞ்சதுதான். வர்தா பொயல்ல மரமே சாஞ்சிச்சி, கேட்டு அசையல." தாளைத் தன் பக்கம் இழுத்தார். "இன்னா எழுதணும், சொல்லு. பாய்க்கு நான் எழுதித் தர்றேன்."

சொன்னேன். இடம் கொடுத்தவருக்கு அவருடைய சமூகத்தில் வழங்கும் மரியாதைச் சொல்லையே கல்லில் பொறிக்க வேண்டும் என்று வார்டு உறுப்பினர் என்ற முறையில் கோருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். குடும்பம் கேட்ட கோரிக்கை இப்போது ஊர் கேட்ட கோரிக்கை ஆகிவிட்டது. அதையும் மேலே அனுப்பினேன். போகும்போது திரும்பி, தன் பெயருக்கு முன்னால் 'திரு' கொஞ்சம் பெரிய எழுத்தில் வருமா என்று கேட்டார். வராது என்றேன்.

பதில் வரவில்லை. விழா நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு பிற்பகலில் கல்வெட்டுக் கடைக்காரர் குத்தம்பாக்கத்திலிருந்து கூப்பிட்டார். "சார், கல்லு மிஷின் மேல கீது. திருவா, ஜனாபா? இப்போ சொன்னாத்தான் நாளைக்கு பாலீஷ் போட்டுத் தருவேன். எனக்கு இன்னொரு கல்லு வெயிட் பண்ணிகினு கீது." கொஞ்சம் பொறுக்கச் சொல்லி வைத்தேன். வைத்த கையோடு மேல் அலுவலகத்திலிருந்து போன். பிரிவில் இருக்கும் ஒருவர். உங்கள் கடிதத்தைப் பார்த்தோம், பரிசீலனையில் இருக்கிறது, ஆனால் போட வேண்டாம் என்றுதான் நினைக்கிறோம் என்றார்.

நினைப்பதை எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அதற்கு நாளாகும் என்றார். இன்றே மின்னஞ்சலில் ஒரு வரி போதும் என்றேன். அவர் குரல் மாறியது. ரிடையர் ஆகிற நேரத்தில் உங்களுக்கு எதற்கு சார் வம்பு என்று அக்கறையாகக் கேட்டார். ஓய்வு நெருங்கும் நேரத்தில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் பென்ஷன் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் ஒருநாள் தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்த இடத்தில் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. ஒன்று, மேலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று 'திரு' போட்டுவிடுவது. இரண்டாவது, போன் வந்ததையே மறைத்து ஆணையரிடம் கையெழுத்து வாங்குவது. இரண்டாவது எனக்கு வீரமாகத் தெரிந்தது. வீரமில்லை அது. அடுத்தவரின் கையெழுத்தை வைத்து நான் விளையாடுகிற விளையாட்டு. நீங்கள் இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். விதியை வளைக்கிறவன் தன் மேலதிகாரியிடம் எதையும் வளைக்கக் கூடாது.

கோப்போடு உள்ளே போனேன். போன் வந்ததை, சொன்ன சொற்கள் மாறாமல், எனக்கு விடுத்த அக்கறையான எச்சரிக்கை உட்பட, ஆணையரிடம் சொன்னேன்.

"எழுத்துல ஏதாவது வந்துச்சா சார்?"

"இல்ல மேடம்."

"அப்ப வரல."

அவர் கோப்பில் 'தெளிவுரை கிடைக்கப்பெறவில்லை. வரைவு ஏற்கப்படுகிறது' என்று எழுதினார். எழுதிவிட்டு, என் பெயருக்கு மேலே தன் கையெழுத்தைப் போட்டார். பொறுப்பு தன்னுடையது என்று காட்டும் இடம் அது. நான் வெளியே வந்து கல்வெட்டுக் கடைக்குப் போன் செய்தேன்.

திறப்பு விழாவில் அமைச்சர் ரிப்பன் வெட்டினார், துணியை விலக்கினார், போனார். ஏகாம்பரம் மைக்கைப் பிடித்து, "இந்த எடத்த நம்ம கொழந்தைங்களுக்காகக் குடுத்த ஜனாப் காதர் மொய்தீன் அவர்கள்" என்று நிறுத்தி, சரியாகச் சொன்னோமா என்று என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். கூட்டம் கலைந்த பிறகு நசீமா அப்பாவை ஆட்டோவில் அழைத்துவந்தார். கூட்டத்துக்குள் வர அவர் ஒப்புக்கொள்ளவில்லையாம்.

காதர் மொய்தீன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கல் முன்னால் வந்தார். முதலில் படிக்கவில்லை. நல்ல கையால் கல்லின் நான்கு மூலைகளையும் தட்டிப் பார்த்தார், உள்ளே பொள்ளலாக இருக்கிறதா என்று. இடது கீழ் மூலையில் கலவை கொஞ்சம் குறைவு என்றார். பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயர் இருந்த வரிக்கு வந்தார். அங்கே வெகுநேரம் நின்றார்.

"யாரு எழுதுனது?" என்றார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் மெதுவாகத்தான் வந்தது.

"ஆபீஸ்ல, அத்தா" என்றார் நசீமா.

"ஆபீஸ்லயா?" என்று மறுபடி கேட்டார். பிறகு, மகள் சொன்னதுபோலவே, கொஞ்சம் நிமிர்ந்தார்.

பின்னாலிருந்து ஏகாம்பரம், "பாய், டீ சாப்டுறியா?" என்று கத்தினார். அவர் சாப்பிட்டார். பாய், ஜனாப் என்ற இரண்டு சொல்லும் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளவில்லை.

நான் ஓய்வு பெற்றேன். பென்ஷன் வந்தது. கல் அங்கேயே இருந்தது, இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லக் காரணம், அதன் பிறகு நடந்தது. உங்களில் ஒருவர்தான் ஒரு காலையில் எனக்குப் போன் செய்தார்: "சார், நீங்க இருந்தப்ப எழுதின கடிதத்துக்கு மேலேர்ந்து பதில் வந்திருக்கு. 'ஜனாப்' என்ற சொல் சுற்றறிக்கைக்கு முரணானது, 'திரு' என்றே பொறிக்க வேண்டும்னு போட்டிருக்காங்க. கல்ல மாத்தணுமா?"

பொருள் என்ற இடத்தை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். பாதியில் நிறுத்தினார். பதில் எழுதுகிறவர்கள் வந்த கடிதத்தின் பொருளை அப்படியே எடுத்து எழுதுவார்கள். நம் உலகத்தில் அதை யாரும் மாற்றுவதில்லை, மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை. ஜனாப் கூடாது என்று சொல்லும் கடிதத்தின் பொருளிலேயே 'ஜனாப் கா. காதர் மொய்தீன் அவர்கள்' என்றுதான் இருந்தது. தங்கள் கடிதத்தில் பயன்படுத்தப்பட்டுள்ள சொல்லையே கல்லிலிருந்து நீக்க வேண்டுமா என்று பணிவுடன் தெளிவுரை கேட்டு எழுதுங்கள் என்றேன். அதுவரை கல்லைத் தொட வேண்டியதில்லை.

மதியத்துக்கு மேல் நசீமா கூப்பிட்டார்.

"சார், மேல ஆபீஸ்லேர்ந்து அத்தா பேருக்கு ஒரு கவர் வந்துகீது. உள்ள ஜனாப் போடக் கூடாதுன்னு கீது. கவர் மேல ஜனாப்னு போட்டுகீது. போஸ்ட்மேன் வாசல்ல நின்னு அந்தப் பேர முழுசாப் படிச்சிட்டுத்தான் குடுத்தாரு."

என் கடிதத்தின் நகல் முகவரியையும் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன்.

"லெட்டர என்கிட்ட குடுத்துட்டாரு. கவர அவரு வச்சிக்கினாரு."

ஊரில் எல்லோரும் எரிப்பதற்குப் பழைய காகிதங்களையும் தட்டுமுட்டுகளையும் வாசலில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்கள். பதில் வந்து சேர்ந்தது போகிக்கு முதல் நாள்.